மிதக்காத பஞ்சு

இராஜபாளையம்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. போன வாரம் வந்த உன் கடிதத்திலேயே அது தெரிந்துவிட்டது. நீ சென்னைக்குப் போன இந்த மூன்று வருஷத்தில் எனக்கு எழுதிய எந்தக் கடிதமும் ஏழு வரியைத் தாண்டியதில்லை. நலம், வேலை அதிகம், பொங்கலுக்கு வருகிறேன், முடிந்தது. அதை எழுதவும் உனக்கு நேரமில்லாமல் சில சமயம் "நலம்" மட்டும் வரும். இந்தத் தடவை ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். கடற்கரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மணல் எவ்வளவு சுடும், நூலகத்தில் எந்த மின்விசிறி ஓடும், எது ஓடாது, சாந்திக்கு இப்போதெல்லாம் சமையல் நன்றாகக் கைவந்துவிட்டது, தினமும் முட்டை வைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் கிளி வாங்கியிருக்கிறார், எல்லாம் இருக்கிறது. ஆபீஸ் இருக்கிறவனுக்குப் பகல் பன்னிரண்டு மணி மணலைப் பற்றி என்ன தெரியும்?

ஆறாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதுகிற மாதிரி, ஆபீஸில் கேட்கிறார்கள், பீரோவில் இருக்கும் என் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதுவும் வீட்டு முகவரிக்கு வேண்டாமாம், சிநேகிதன் ரூமுக்கு அனுப்ப வேண்டுமாம். தம்பி, உலகத்தில் எந்த ஆபீஸும் டி.சி. கேட்காது. டி.சி. கேட்கிற இடம் பள்ளிக்கூடமும் காலேஜும்தான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு டி.சி.க்காக நானே முப்பத்தைந்து வயதில் நாயாக அலைந்தவன். ஆக, நான் புரிந்துகொண்டது இதுதான். உன் வேலை போய்விட்டது. நீ மறுபடியும் படிக்கப் போகிறாய். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பிப் போகிறாய். கட்டிய மனைவி சாந்திக்குத் தெரியாது. இதில் எதுவும் தப்பாக இருந்தால் ஒரு கார்டு போடு, நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வேலை போனதற்காக உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. படிக்கப் போவது எனக்குச் சந்தோஷம்தான். திருட்டுத்தனமாகப் போகிறாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தத் தொழிலில் உனக்கு நான் சீனியர். நீ ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நான் காலேஜுக்குப் போனது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்த கதை விருந்தாளிகளுக்கு நான் சொல்லும் கதை. "மில்லு வேலை சரிப்படல, விட்டுட்டுப் படிக்கப் போனேன்" என்று காலை ஆட்டிக்கொண்டு சொல்வேன். அதில் பாதி பொய். நான் மில்லை விடவில்லை, மில்தான் என்னை விட்டது. மீதிக் கதையை உன் கல்யாணத்தின்போதே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா என்று மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள், கௌரவம் தடுத்துவிட்டது.

முதலில் என் பழைய பெருமை. நான் பி.யு.சி. பாஸ் செய்து, பி.காம். சேர்ந்து, இரண்டாம் வருஷத்தில் நின்றவன். யாரும் நிறுத்தவில்லை. மில்லில் வைண்டிங் பகுதியில், அதாவது நூலைக் கண்டிலிருந்து கோனில் சுற்றுகிற இடத்தில், ஆள் எடுத்தார்கள். போனேன், கிடைத்தது. "படிச்சவன் கடைசில எங்க வந்து நிக்கான்? மில்லு கேட்ல. நான் இப்பமே நின்னுட்டுப் போறேன்" என்று உன் தாத்தாவிடம் தத்துவம் பேசினேன்.  அவர் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. பதினைந்து வருஷம் நூல் சுற்றினேன். எண்பத்தைந்தில் தானாகவே சுற்றுகிற மிஷின் வந்தது. அது டீ குடிக்கப் போகாது, சங்கத்தில் சேராது. எங்களில் பதினோரு பேரை ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுக் கையில் கவரைக் கொடுத்து அனுப்பினார்கள். நான் வழக்கம்போல வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு, உன் அம்மாவிடம் குழம்பில் உப்பு கம்மி என்று குறை சொன்னேன். அன்றைக்குக் குறை சொல்ல எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை, ஆனாலும் சொன்னேன்.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்கமாட்டாய், உனக்கே தெரியும். உன் அம்மா அப்போது பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தாள். எட்டு மணி நேரம் நின்று காஸ் துணி வெட்டி, ரோல் சுற்றிவிட்டு வருவாள். அவளிடம் போய் எனக்கு வேலை இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் ஆன பிறகு, வேலை போனதை மட்டுமல்ல, ஒரு வாரம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பொய்க்கு அதுதான் குணம், நாள் ஆக ஆகக் கனம் ஏறும். இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜில் வயது பார்க்காமல் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய இரண்டு வருஷத்தை அவர்கள் மதிக்கவில்லை, முதல் வருஷத்திலிருந்து உட்கார வேண்டும் என்றார்கள். சரி என்றேன். முதலில் டிகிரி, பிறகு நல்ல வேலை, அதற்குப் பிறகு வீட்டில் சொல்வது என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். மூன்று வருஷம் மனைவிக்குத் தெரியாமல் காலேஜ் போவது என்று திட்டம் போட்டவனுக்குத்தான் நீ பிள்ளையாகப் பிறந்திருக்கிறாய்.

விண்ணப்பம் கொடுத்தபோதே எனக்கு நானே குழி தோண்டியாயிற்று. அங்கே இருந்த கிளார்க் நிமிர்ந்து பார்க்காத மனிதர். பெற்றோர் பெயர் எங்கே என்றார். இருவரும் காலமாகிவிட்டார்கள் என்றேன். அப்படியானால் கார்டியன் பெயரை எழுது என்றார். எனக்கு வயது முப்பத்தைந்து, எனக்கு எதற்குக் கார்டியன் என்று கேட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பத்தை வாங்க முடியாது என்றார். பின்னால் வரிசை நின்றது. அவசரத்தில் உன் அம்மா பெயரை எழுதினேன். 'உறவு' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினேன். அப்போதுதான் அந்த மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சீல் குத்தினார்.

பிறகு தொடங்கியது நாடகம். மில்லில் கவரில் போட்டுக் கொடுத்த பணத்திலிருந்து மாதாமாதம் சம்பளம் என்று எண்ணி உன் அம்மாவிடம் கொடுத்தேன். மில் தெற்கே சேத்தூர் ரோட்டில், காலேஜ் வடக்கே. காலையில் டிபன் கேரியரோடு தெற்கே போகும் டவுன் பஸ்ஸில் ஏறுவேன். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, ரோட்டைக் கடந்து, வடக்கே போகும் பஸ்ஸைப் பிடிப்பேன். கேரியரில் மேல் அடுக்கில் சோறு, நடு அடுக்கில் குழம்பு, கீழ் அடுக்கில் நோட்டுப் புத்தகம். ஒரு நாள் மூடி சரியாகப் பொருந்தாமல் குழம்பு கீழே இறங்கிவிட்டது. அக்கவுன்ட்ஸ் வாத்தியார் என்னைவிட ஆறு வயது சின்னவர், மரியாதையான பிள்ளை. என் நோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, உங்க ஐந்தொகையில புளிக்குழம்பு வாசம் வருது" என்றார். அன்று முதல் வகுப்பு முழுக்க எனக்கு அண்ணாச்சி என்றே பெயர். பிரின்ஸ்பால் கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது பஞ்சு. மில்லிலிருந்து வருகிறவன் தலையில், புருவத்தில், காது மடலில் பஞ்சு ஒட்டியிருக்கும். நம் ஊரில் அதைப் பார்த்துத்தான் இவன் மில்காரன் என்று கடைக்காரர்களே சொல்வார்கள். நான் காலேஜிலிருந்து பளிச்சென்று வந்தால் எப்படி? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன், என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் ஒரு பாக்கெட் பஞ்சு வாங்கி, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஒரு சுவருக்குப் பின்னால் நின்று தலையிலும் தோளிலும் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அடிக்கடி பஞ்சு வாங்குவதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் யாருக்கு அடி என்று விசாரித்தார். காலில் சின்னப் புண் என்றேன். அடுத்த தடவையும் கேட்டார், இன்னும் ஆறவில்லை என்றேன். ஒரு மாதம் கழித்து, ஆறாத புண் என்றால் சர்க்கரையாக இருக்கும், உடனே பாருங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அந்த நல்ல மனிதருக்குப் பயந்து வேறு கடை பார்த்தேன்.

பதினைந்து வருஷம் பஞ்சிலேயே கிடந்தவன் செய்த தப்பைக் கேள். மில் பஞ்சு பழுப்பாக இருக்கும், இலைத்தூள் கலந்திருக்கும். மருந்துக்கடைப் பஞ்சு வெளுத்த பஞ்சு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாக இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தோன்றவில்லை. அதையும் யார் முன்னால் கொண்டுபோய் நிற்கிறேன்? வெளுத்த பஞ்சையும் காஸ் துணியையும் நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கும் உன் அம்மா முன்னால். முதல் நாளே அவள் என் தோளிலிருந்து ஒரு துணுக்கை எடுத்திருக்கிறாள். நான் குளிக்கப் போன சமயத்தில், அவர்கள் கம்பெனியில் பஞ்சைச் சோதிப்பது மாதிரியே, ஒரு செம்புத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருக்கிறாள். மில் பஞ்சில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் அது மிதக்கும். வெளுத்த பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடனே மூழ்கும். மூழ்கிவிட்டது. நான் தலை துவட்டிக்கொண்டு வந்து, "இன்னைக்கு மிஷின்ல ரொம்ப நூல் அறுந்துச்சு" என்று அலுத்துக்கொண்டேன். அவள் "அப்படியா" என்றாள். அந்த ஒரு 'அப்படியா'வை வைத்துக்கொண்டு நான்கு மாதம் ஓட்டினேன்.

அந்த நான்கு மாதமும் எனக்கு ராஜ உபசாரம். தினமும் ஒரு முட்டை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப். படுக்கப்போகும் முன் மஞ்சள் போட்ட பால். உனக்கு அரை முட்டைதான். நீ அழுததும், அப்பா மில்லில் கஷ்டப்படுகிறார் என்று அவள் உன்னைச் சமாதானப்படுத்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. நான் அதைக் கேட்டுக்கொண்டே முழு முட்டையையும் சாப்பிட்டேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உழைக்கிற புருஷன் மேல் அவளுக்கு இவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். வேலை போன ஆள் நான்கு மாதத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டது இராஜபாளையத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இனி, மாட்டிக்கொண்டது. மில்லில் எனக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் அரை நைட், அதாவது சாயங்காலம் நாலு மணியிலிருந்து பன்னிரண்டு வரை. வேலை போனாலும் அந்த முறையை நான் மாற்றவில்லை, மாற்றினால் சந்தேகம் வருமே. பகல் ஷிப்ட் வாரத்தில் காலேஜ். அரை நைட் வாரத்தில் பகல் முழுக்க வீட்டில் தூங்குவது போலப் படுத்திருந்துவிட்டு, சாயங்காலம் கிளம்பி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படிப்பேன். மில்லில் இருந்த காலத்தில் கூட நான் ஷிப்டை இவ்வளவு ஒழுங்காகப் பார்த்ததில்லை. காலேஜ் கணக்குப்படி, மாதத்தில் பாதி நாள் நான் ஆப்சென்ட். நான்காவது மாதம் காலேஜிலிருந்து என் கார்டியனுக்கு ஒரு அச்சடித்த கார்டு போயிற்று. தங்கள் மகன்/மகள் வகுப்புகளுக்குச் சரிவர வருவதில்லை, தாங்கள் நேரில் வந்து துறை ஆசிரியரைச் சந்திக்கவும். மகன், மகள் இரண்டில் எதையும் அடிக்காமல் விட்டிருந்தார்கள். கீழே என் பெயர், ரோல் நம்பர்.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பியூன் வந்து, "அண்ணாச்சி, உங்க கார்டியன் வந்திருக்காக" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது, நானும் சிரித்தேன். ஆசிரியர் அறைக்குப் போனால், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு உன் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்ட நீ. உனக்கு அன்றைக்கு வாங்கித் தந்த பால்கோவா மட்டும்தான் நினைவிருக்கும். அக்கவுன்ட்ஸ் வாத்தியார், பாவம், யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல், நான் நிற்கும்போதே என்னைப் பற்றி அவளிடம் புகார் சொன்னார். "ஆளு நல்ல ஆளும்மா. கணக்கு நல்லா வருது. ஆனா ஒரு வாரம் வாறாரு, ஒரு வாரம் வர மாட்டேங்காரு. அது என்ன கணக்குன்னு எங்களுக்குப் பிடிபடல."

உன் அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அது ஷிப்ட் சார்" என்றாள்.

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை. நான் பயந்துபோனேன். வாத்தியார் அதைவிடப் பயந்துபோய், "அழாதீங்கம்மா, டெஸ்ட்ல எழுபத்தெட்டு வாங்கியிருக்காரு, இங்கிலீஷ்லதான் கொஞ்சம் வீக்" என்று என் மார்க்கையெல்லாம் எடுத்துக் காட்டினார். அவள் ஒவ்வொரு பேப்பராக வாங்கிப் பார்த்து, அழுதுகொண்டே, கேட்ட இடத்தில் கார்டியன் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றோம். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி வேறு.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். பஞ்சு மூழ்கிய அன்றைக்கே நான் மில்லுக்குப் போகவில்லை என்று தெரிந்துவிட்டதாம். அந்தச் சமயத்தில் பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள், நெஞ்சுச் சளி உள்ளவர்களைத்தான் மில்லில் முதலில் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்று. யார் கிளப்பிய வதந்தியோ. இவள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். மனிதர் மேல் ஆஸ்பத்திரிப் பஞ்சு இருக்கிறது, வேலையும் இல்லை, வீட்டில் வந்து இருமவும் செய்கிறார். அது முன் பெஞ்சில் உட்கார்ந்து நான் தின்ற சாக்பீஸ் தூள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு டி.பி. வந்துவிட்டது, வீட்டில் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறேன் என்று முடிவு செய்திருக்கிறாள். முட்டை, சூப், பால் எல்லாம் அதற்குத்தான். யாரிடமாவது விசாரித்தால் ஊருக்கு என் நோய் தெரிந்துவிடும் என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. நான் சாகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே நான்கு மாதம் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அதற்கு உப்பு பார்த்துக் குறை சொல்லியிருக்கிறேன்.

என்னிடமே கேட்டிருக்கலாமே என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதிலைப் பதின்மூன்று வருஷமாக மறக்க முடியவில்லை. "கேட்டா பொய் சொல்லுவீக. அதையும் நான் கேக்கணுமா? சோறு போடும்போதெல்லாம் இன்னைக்குச் சொல்லிருவீக, இன்னைக்குச் சொல்லிருவீகன்னு பாத்தேன். நீங்க எம்புட்டு நல்லா சாப்பிட்டீக தெரியுமா?"

அவ்வளவுதான் அவள் திட்டியது. அதோடு விட்டிருந்தால் நான் கெட்டிக்காரன். ஆனால் அந்த நான்கு மாதத்தில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் மேல் இருக்கும் பெருமாளிடம், என் உயிரைக் காப்பாற்றினால் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறாள். எனக்குத்தான் நோயே இல்லையே, பெருமாள் எதைக் காப்பாற்றினார் என்று வாதாடிப் பார்த்தேன். "இருந்து சரியாப் போச்சோ என்னமோ, அது அவருக்குல்லா தெரியும். வேண்டுனது வேண்டுனதுதான்" என்று சனிக்கிழமையே மலைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டாள். திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனேன். இனி பஞ்சு வைக்கத் தலையில் இடமில்லை, தேவையும் இல்லை. அன்று காலை முதன்முதலாக வீட்டு வாசலிலிருந்தே வடக்கே போகிற பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். அந்தக் காற்று மொட்டைத் தலையில் பட்டபோது இருந்த சுகம் எனக்கு டிகிரி வாங்கியபோது கூட இல்லை.

அதற்குப் பிறகு காலேஜ் எவ்வளவு லேசாக இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், உனக்கும் அது வரப்போகிறது. நோட்டைக் கையிலேயே கொண்டு போனேன். சாயங்காலம் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து படிப்போம். உன் அம்மா ரோல் சுற்றிய கையோடு வந்து இருவரையும் ஒப்பிக்கச் சொல்வாள். ஸ்டாடிஸ்டிக்ஸில் இரண்டு தடவை கோட் அடித்தேன். முதல் தடவை ரிசல்ட் வந்தபோது, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே பெயில் என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துவிட்டு, அன்றைக்கு மட்டும் முட்டை வைத்தாள். உனக்கும் முழு முட்டை. உனக்குச் சில புத்திமதிகள் இருக்கின்றன. முதல் பெஞ்சில் உட்காராதே, சாக்பீஸ் தூள் நெஞ்சுக்கு ஆகாது. சின்னப் பிள்ளைகள் கேலி செய்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு, மூன்றாம் நாள் அவர்களே உனக்கு இடம் போட்டு வைப்பார்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல், உன்னை மாதிரி வயதானவன் சொன்னால் வகுப்பே உன்னை வாழ்த்தும், அவர்களுக்கும் தெரியாது. டிகிரி வாங்கி எனக்கு வேலை எங்கே கிடைத்தது என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவின் பேண்டேஜ் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். இன்று வரை அங்கே அவள் எனக்குச் சீனியர், புதிதாக வருகிறவர்களிடம் என்னை "நம்ம அக்கா வீட்டுக்காரர்" என்றுதான் சொல்கிறார்கள்.

உன் ஆறு பக்கக் கடிதத்துக்கு வருகிறேன். நான் அதைப் படித்துவிட்டு டி.சி.யைப் பிடித்துக்கொண்டேன். பெரிய துப்பறிகிறவன் மாதிரி உன் அம்மாவிடம் விளக்கினேன். அவள் கடிதத்தை வாங்கி, இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் மறுபடி மறுபடி படித்தாள். சாந்தி தினமும் முட்டை வைக்கிறாள் என்று நீ எழுதிய வரி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு. என்னென்ன நெனச்சுக்கிட்டுக் கெடக்காளோ" என்றாள்.

சிநேகிதன் ரூமுக்குச் சர்டிபிகேட்டை அனுப்பக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். பதிவுத் தபாலில், உன் வீட்டு முகவரிக்கு, சாந்தி பெயருக்கு அனுப்ப வேண்டும் என்றாள். அன்றைக்கு அந்தக் கார்டு மட்டும் வராமல் இருந்தால் இந்த மனிதர் இன்னும் பஞ்சு வாங்கிக்கொண்டுதான் இருப்பார் என்றும் சொன்னாள், அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. இன்றைக்கே போட வேண்டும் என்றவளிடம் பேசிப் பேசி உனக்கு மூன்று நாள் வாங்கித் தந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை இன்று போடுகிறேன், சிநேகிதன் ரூமில் புதன்கிழமை உன் கைக்கு வரும். பதிவுத் தபாலை வியாழக்கிழமை போடுவேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் உன் வீட்டுக் கதவைத் தட்டுவார். அந்த நேரத்தில் நீ அங்கே இருந்து வாங்கிக்கொள்ள முடியாது, ஆபீஸில் அல்லவா இருப்பாய். சாந்திதான் கையெழுத்துப் போட்டு வாங்குவாள்.

அதற்கு முன்னால் சொல்லிவிடு தம்பி. எனக்கு அந்த மூன்று நாள் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நானாகச் சொல்லியிருப்பேனா என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அதுதான் என் வாழ்க்கையில் எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல். நீ என்னைவிட நல்லவன் என்று நம்பித்தான் உன் அம்மாவிடம் அந்த நாட்களைக் கேட்டு வாங்கினேன். இதைப் படித்த அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போ. அவள் முட்டை வைப்பாள். அதில் கை வைக்கும் முன் சொல்லிவிட்டு, பாதியைப் பிட்டு அவள் தட்டில் வை.

இப்படிக்கு,
உன் அப்பா